குடிமைப் பாடத்தில் ஒரு மசோதா

பரீட்சைக் காலம் நெருங்கியதும் நம் சிறுவர் பலர் குடிமைப் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எண்களை உருப்போடத் தொடங்குகின்றனர். லோக் சபைக்கு 543 ஸ்தானங்கள். ராஜ்ய சபைக்கு 245. முன்னதன் ஆயுள் 5 ஆண்டுகள். பின்னதன் அங்கத்தினருக்குப் பதவிக் காலம் 6 ஆண்டுகள். இவை தெரிந்திருக்க வேண்டியவையே. ஆயினும், சபைகள் ஏன் இரண்டாக இருக்கின்றன என்பதை அறியாமல் கற்ற எண்கள் பரீட்சை முடிந்த மறுவாரமே மறந்துபோகின்றன.

வெளி ராஜ்யங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இதில் மற்றுமொரு தடை உண்டு. பிள்ளைகள் ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ படிக்கின்றனர். பெற்றோரில் பலர் தமிழில் படித்தவர்கள். ஆகவே, "இது நமக்கு எட்டாது" என்று ஒதுங்கிவிடுகின்றனர். ஒதுங்க வேண்டுவதில்லை. ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ தம் கருத்தைச் செவ்வனே வெளியிட இயலாத அங்கத்தினர், சபைத் தலைவரின் அனுமதி பெற்றுத் தாய்மொழியிலேயே பேசலாம் என்று அரசியல் சட்டத்தின் 120-ஆவது ஷரத்து கூறுகிறது. பார்லிமெண்டிலேயே தமிழுக்கு இடம் இருக்கும்போது, பார்லிமெண்டைப் பற்றிய பாடத்தைத் தமிழில் விளக்குவதற்குக் கூச்சம் ஏன்?

ஒரு மசோதாவின் வரலாற்றைச் சொன்னால் போதும். பாடத்தின் பெரும்பகுதி அதில் அடங்கிவிடும். வரதட்சணைத் தடை மசோதாவை எடுத்துக்கொள்வோம். வரதட்சணை இன்னதென்று நம் வீடுகளில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மசோதா 1959-இல் லோக் சபையில் கொண்டுவரப்பட்டது. முதலில் அறிமுகம், பிறகு பிரிவு பிரிவாக ஆராய்ச்சி, கடைசியில் முழு மசோதாவின்மீதும் ஓட்டு. இவற்றையே புத்தகம் மூன்று வாசிப்புகள் என்கிறது. இடையில் இரு சபை அங்கத்தினரும் அடங்கிய கமிட்டி ஒன்று அதனைப் பரிசீலித்தது.

லோக் சபை நிறைவேற்றிய மசோதாவில் ராஜ்ய சபை சில திருத்தங்களைச் செய்தது. அவற்றுள் சிலவற்றை லோக் சபை ஏற்கவில்லை. ராஜ்ய சபையும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த இடத்தில் கதையை நிறுத்தி, "இனி என்ன செய்வார்கள்?" என்று பிள்ளையைக் கேளுங்கள். அது சிந்திக்கத் தொடங்கும்.

விடை 108-ஆவது ஷரத்தில் இருக்கிறது. ராஷ்டிரபதி இரு சபைகளையும் கூட்டாக அமரச் செய்யலாம். அவ்வாறே 1961 மே மாதத்தில் பழைய பார்லிமெண்டுக் கட்டடத்தின் மைய மண்டபத்தில் அவை கூடின. லோக் சபையின் சபாநாயகர் அனந்தசயனம் ஐயங்கார் தலைமை வகித்தார். பெரும்பான்மை ஓட்டினால் முடிவு காணப்பட்டது. ராஷ்டிரபதி ராஜேந்திர பிரசாத் சம்மதம் அளித்த பின்னரே மசோதா சட்டமாயிற்று. பார்லிமெண்டு என்பது இரு சபைகள் மட்டுமன்று, ராஷ்டிரபதியும் சேர்ந்ததே என்பது இப்போது தானே விளங்கும். பண மசோதாவாயின் இவ்வளவு வழக்குக்கு இடமில்லை. ராஜ்ய சபை அதனை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். அதன் சிபாரிசுகளை ஏற்பதும் தள்ளுவதும் லோக் சபையின் விருப்பம்.

"சட்டம் வந்தும் வரதட்சணை ஒழியவில்லையே!" என்று பிள்ளை கேட்கக்கூடும். கேட்டால் மகிழுங்கள். போதாமை கண்டே 1984-இலும் 1986-இலும் அச்சட்டத்தைத் திருத்திக் கடுமையாக்கினார்கள் என்று கூறுங்கள். சட்டம் செய்வது ஒருநாளில் முடியும் காரியமன்று.

இறுதியாக ஒன்று. "நம்முடைய பார்லிமெண்டு அங்கத்தினர் யார்?" என்ற வினாவுக்கு நம்மில் பலர் தஞ்சாவூர் அல்லது திருநெல்வேலி அங்கத்தினரின் பெயரையே கூறுகின்றோம். வாக்காளர் ஜாபிதாவில் ஒருவர் இடம்பெறுவது அவர் சாதாரணமாக வசிக்கும் தொகுதியில்தான். கான்பூரில் குடியிருப்பவருக்குக் கான்பூர் அங்கத்தினரே பிரதிநிதி. குழாயில் தண்ணீர் வராவிட்டால் நகரசபைக்குப் போகலாம். ரயில்வே, தபால் போன்ற மத்திய சர்க்கார் விஷயங்களில் குறையிருந்தால் எழுத வேண்டியது அவருக்கே. சொந்த ஊர்ப் பாசம் நெஞ்சில் இருக்கட்டும். ஓட்டு வாழும் ஊரில் இருக்கட்டும். உங்கள் பெயர் அந்த ஜாபிதாவில் உண்டா என்பதை இவ்வாரமே பிள்ளையையும் உடன்வைத்துக்கொண்டு பார்த்துவிடுங்கள். குடிமைப் பாடத்தில் பெற்றோர் எழுத வேண்டிய பரீட்சை அதுவே.