புது டயர் உரசினால் என்ன செய்வது?

டிராக்டருக்குப் புது டயர் மாட்டிய மறுநாளே, "திருப்பத்திலே சர்ருனு உரசுதுங்க" என்று சிலர் சொல்வதுண்டு. "ஓட ஓடத் தேய்ஞ்சு சரியாயிடும்" என்று விட்டுவிடாதீர்கள். தேய்வது பெரும்பாலும் டயரின் பக்கவாட்டுப் பகுதி. அங்கே ரப்பர் மெல்லிசு. உள்ளே இருக்கும் நூல் அறுந்தால் ஒட்டுப்போட்டு நம்பி ஓட்ட முடியாது. கரும்பு ஏற்றிய டிரெய்லரோடு ரோட்டில் போகும்போது டயர் வெடித்தால், போவது பணம் மட்டுமல்ல.

முதலில் உரசும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கே இரும்பில் பெயிண்ட் போய்ப் பளபளக்கும், அல்லது ரப்பர் கறுப்பாக அப்பியிருக்கும்.

அடுத்து, டயரின் மேலுள்ள எண்ணைப் பாருங்கள். 13.6-28 என்றால், டயரின் அகலம் 13.6 அங்குலம், ரிம்மின் விட்டம் 28 அங்குலம். அதற்குப் பதில் 14.9-28 மாட்டினால் அகலம் 1.3 அங்குலம் கூடும், உயரமும் கூடும். உங்கள் ரிம் அதற்கு ஏற்றதுதானா என்று டிராக்டரோடு வந்த புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியானால், முன் டயர், பின் டயர் அளவைத் தனியாக மாற்றவே கூடாது. பல் சக்கரங்கள் கெட்டுப்போகும்.

காற்றையும் அளந்து பாருங்கள். காற்று குறைந்தால் டயர் பக்கவாட்டில் பிதுங்கி உரசல் கூடும்.

பின் டயர் உள்பக்கம் உரசுகிறதா? செக் செயின் தளர்ந்திருக்கலாம். கலப்பையைத் தூக்கியதும் கீழ்க் கைகள் ஆடி டயரில் இடிக்கும். இரண்டு செயினையும் சமமாக இறுக்குங்கள்.

மட்கார்டில் உரசினால், அதன் போல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால், சக்கர இடைவெளியைக் கூட்டுங்கள். பெரும்பாலான டிராக்டர்களில் ரிம்மையோ டிஸ்க்கையோ திருப்பி மாட்ட வழி உண்டு. எப்படி மாட்டினாலும் டயரில் உள்ள அம்புக்குறி முன்னே உருளும் திசையையே காட்ட வேண்டும். டயரில் தண்ணீர் அடைத்திருந்தால் முதலில் வடித்துவிடுங்கள். அந்தக் கனத்தை ஆள் தாங்க முடியாது. சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியோடு மரக்கட்டை முட்டும் கொடுங்கள்.

முன் டயர் முழுத் திருப்பத்தில் மட்டும் உரசினால், முன் அச்சில் உள்ள ஸ்டியரிங் தடுப்பு போல்ட்டைச் சரிசெய்தால் போதும். முன் அச்சை நீட்டினால் டை ராடையும் அதற்கேற்ப நீட்டி, சக்கரம் நேராக நிற்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

அரிவாளால் டயரைச் செதுக்குவதும், இடைவெளிக்காக டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே வாஷர் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். வாஷர் கொடுத்தால் நட்டுக்குப் பிடிமானம் குறைந்து சக்கரமே கழன்றுவிடும்.

வேலை முடிந்ததும் நட்டுகளை இறுக்குங்கள். ஒரு நாள் உழவுக்குப் பிறகு மறுபடியும் இறுக்குங்கள். இடம் பார்த்துச் சரிசெய்தால், புது டயர் அதன் ஆயுள் முழுக்க உழைக்கும்.