மாடியில் ஏற்றிய விளக்கு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்வியும் கலையும் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் எம்மைப் பணித்தனர். பேசத் தொடங்குமுன் எமது பிழை ஒன்றை இந்த அவையில் ஒப்புக்கொள்ள விரும்புகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளி ஆண்டு விழாவில், தாமே எழுதிய நாடகம் ஒன்றை நடிக்க வேண்டுமென்று பத்தாம் வகுப்பு மாணவர் சிலர் வந்து கேட்டனர். "தேர்வு நெருங்குகிறது, நாடகம் சோறு போடுமா?" என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டோம். அந்த ஏட்டை வாங்கிப் படித்துப் பார்க்கவும் இல்லை. பின்னர், பாலஸ்தீன அகதி முகாம் ஒன்றின் நாடக வரலாற்றை அறிந்தபோது, திரும்பிச் சென்ற அம்மாணவரின் முகங்களே எம் கண்முன் நின்றன. அந்த வரலாற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

1948-இல் இஸ்ரேல் என்னும் நாடு உருவான போரில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர் தம் ஊர்களையும் நிலங்களையும் இழந்தனர். அவர்களுள் ஒரு பகுதியினருக்காக, மேற்குக் கரையிலுள்ள ஜெனின் நகரை ஒட்டி 1953-இல் அகதி முகாம் ஒன்று அமைந்தது. அதன் பரப்பு அரைச் சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. நாளடைவில் கூடாரங்கள் கல்வீடுகளாயின. வந்தவர்கள் பாட்டன் பாட்டியராயினர். ஆயினும் 'முகாம்' என்ற பெயர் மட்டும் மாறவில்லை. 1967-இல் அப்பகுதி இஸ்ரேலிய இராணுவத்தின் பிடிக்குள் வந்தது. 1987-இல் மக்கள் கிளர்ந்தெழுந்தபோது, இராணுவம் பள்ளிகளை நீண்ட காலம் மூடிவைத்தது.

பள்ளி மூடப்பட்டால் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? ஆசிரியராகிய எமக்கு இதனினும் கொடிய கேள்வி வேறில்லை. அங்கே இக்கேள்விக்கு விடை தேடி வந்தவர் அர்னா மெர்-காமிஸ் என்னும் பெண்மணி. அவர் 1929-இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் யூதப் படையில் பணியாற்றிப் பின் பொதுவுடைமைக் கொள்கையை ஏற்றவர். பாலஸ்தீனியர் ஒருவரை மணந்தவர். முகாமுக்கு வந்து பிள்ளைகளைத் தெருவில் அமரவைத்து, தாளும் வண்ணமும் கொடுத்து வரையச் செய்தார். அவர் தொடங்கிய சிறுவர் இல்லங்கள் மூடிய பள்ளிகளுக்கு மாற்றாயின. இப்பணிக்காக 1993-இல் 'நல்வாழ்வு விருது' என்னும் சுவீடன் நாட்டு விருது அவருக்குக் கிடைத்தது. அப்பணத்தைக் கொண்டு அவர் அமைத்ததுதான் 'கல் அரங்கு'.

அவ்வரங்கு எங்கே அமைந்தது தெரியுமா? முகாமில் வாழ்ந்த சமீரா ஜுபைதி என்னும் தாய் தம் வீட்டின் மேல்மாடியைத் தந்தார். அம்மாடியில்தான் அரங்கு அமைந்தது.

'அர்னாவின் பிள்ளைகள்' என்ற ஆவணப்படத்தில் ஒரு காட்சி உண்டு. இராணுவம் இடித்த வீட்டுப் பிள்ளையிடம், உன் சினத்தை என்மீது காட்டு என்கிறார் அர்னா. சிறுவன் அவரை அடிக்கிறான். ஏன் அடித்தாய் என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. உள்ளே அடைத்துவைத்த சினத்துக்கு உருவம் கொடுத்து வெளியே நிறுத்தக் கற்பித்தார். அவர் தொடங்கிய நாடகப் பயிற்சி அதுவே.

அப்பிள்ளைகள் நடித்த நாடகங்களுள் ஒன்று 'சிறு விளக்கு'. இக்கதையை எழுதியவர் பாலஸ்தீன எழுத்தாளர் கசான் கனபானி. 1972-இல் பெய்ரூத் நகரில் வெடிகுண்டு வைத்துக் கொல்லப்பட்டவர். கதை இதுதான்: அரசன் இறந்தான். அவன் மகள் அரசியாக வேண்டுமெனில் சூரியனை அரண்மனைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவன் விதித்த கட்டளை. கையில் விளக்கேந்திய ஏழை முதியவர் ஒருவரைக் காவலர் வாயிலிலேயே விரட்டிவிடுகின்றனர். இறுதியில் நாட்டு மக்கள் ஆளுக்கொரு விளக்குடன் திரண்டு வருகின்றனர். வாயில் போதவில்லை. ஆகவே சுவர்களை இடிக்கின்றனர். உள்ளே ஒளி பரவுகிறது. வீடுகள் இடிக்கப்படுவதையே கண்டு வளர்ந்த பிள்ளைகள், ஒளி வருவதற்காகச் சுவர் இடிபடும் கதையை மேடையில் நடித்தனர். இதன் பொருளை உங்கள் சிந்தனைக்கே விடுகிறோம்.

தோழர்களே, வரலாறு இத்துடன் இனிதே முடிந்ததாகக் கூறினால் அது பொய்யாகிவிடும். அர்னா 1995-இல் புற்றுநோயால் மறைந்தார். 2000-இல் இரண்டாம் கிளர்ச்சி வெடித்தது. மேடையில் நின்ற சிறுவர்கள் இளைஞராகி ஆயுதம் ஏந்தினர். ஒருவர் 2001-இல் ஹதேரா என்னும் இஸ்ரேலிய நகரில் பொதுமக்களைச் சுட்டார், நான்கு பெண்கள் மாண்டனர், அவரும் மாண்டார். அச்செயலை நாம் ஒப்ப இயலாது. 2002 ஏப்ரலில் இராணுவம் முகாமுக்குள் புகுந்தது. பாலஸ்தீனியர் 52 பேரும் இஸ்ரேலியப் படைவீரர் 23 பேரும் இறந்தனர். ஏறத்தாழ 4,000 பேர் வீடிழந்தனர். மாடி தந்த சமீரா அவ்வாண்டிலேயே சுடப்பட்டு இறந்தார். கல் அரங்கும் இடிந்தது.

அப்படியானால் நாடகம் தோற்றதா? இக்கேள்வியை அர்னாவின் மகன் ஜூலியானோவும் கேட்டார். நடிகராகிய அவர் முகாமுக்குத் திரும்பிவந்து, தாம் அறிந்த பிள்ளைகளைத் தேடி, இறந்தவர்களின் கதையைப் படமாக்கினார். அதுவே நாம் முன்னே குறிப்பிட்ட ஆவணப்படம். பின் 2006-இல் நண்பர்களுடன் சேர்ந்து 'விடுதலை அரங்கு' என்ற நாடக மன்றத்தை அங்கேயே நிறுவினார். சமீராவின் மகனும், கல் அரங்கில் சிறுவனாக நடித்துப் பின் ஆயுதக் குழுவின் தலைவராயிருந்தவருமான ஜகரியா ஜுபைதி அதற்குத் துணைநின்றார். நாடகம் துப்பாக்கிக் குண்டைத் தடுக்காது. இடிந்த வீட்டை எழுப்பாது. ஆயினும் எல்லாம் இழந்தபின் அவர்கள் மீண்டும் மேடையையே தேடினர் என்பது எண்ணத்தக்கது.

இளைஞர்களே, நீங்கள் உற்றுக் கேட்க வேண்டிய பகுதி இதுதான். விடுதலை அரங்கு அயலார் ஆட்சியை மட்டும் எதிர்க்கவில்லை. தம் சமூகத்துக்குள் இருக்கும் தளைகளையும் அது மேடையேற்றியது. 2009-இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை'யை நடித்தனர். புரட்சி செய்த தலைவர்களே புதிய எசமானர்களாகும் கதை அது. பார்த்தவர்களுக்கு அது தம் தலைவர்களையும் குறிப்பது புரிந்தது. அவ்வாண்டில் அரங்குக்குத் தீவைக்க முயற்சிகள் நடந்தன. ஆணும் பெண்ணும் ஒரே மேடையில் நிற்பதைப் பழித்துத் துண்டறிக்கைகள் வந்தன. 2011-இல், விருப்பமில்லாத மணத்தை மறுக்கும் பெண்ணாக 'அற்புத உலகில் ஆலிசை' மாற்றி நடித்தனர். அவ்வாண்டு ஏப்ரல் 4-ஆம் நாள், அரங்கின் அருகே முகமூடி அணிந்த ஒருவனால் ஜூலியானோ சுட்டுக் கொல்லப்பட்டார். அக்கொலைக்கு நீதி கிடைக்கவில்லை.

அடக்குவோரைச் சுட்டிக் காட்டினால் நம்மவர் கைதட்டுவர். நம் வீட்டுக்குள் நடப்பதைச் சுட்டினால் நம்மவரே முகம் திருப்புவர். அதையும் தாங்கிக்கொண்டு சொல்வதே கலையின் எதிர்ப்பு. தீண்டாமையின் கொடுமையைப் பேசும் நாம், நம் வீட்டுப் பெண்பிள்ளையை மேடையேற்றத் தயங்கினால், நம் பேச்சுக்கு என்ன மதிப்பு?

அவர்தம் நண்பர்கள் அரங்கை மூடவில்லை. பேருந்தில் ஊர் ஊராகச் சென்றனர். ஊரார் தம் துயரைச் சொல்லச் சொல்ல, அதை அங்கேயே நடிகர் நடித்துக் காட்டினர். இதற்குத் திரையும் வேண்டாம், ஒப்பனையும் வேண்டாம். கேட்கும் செவியே முதல்.

இவ்வரங்குக்கு நம் நாட்டோடும் உறவு உண்டு. 1989 ஜனவரி முதல் நாள், தில்லியை அடுத்த ஜண்டாப்பூரில் தொழிலாளர் நடுவே தெருநாடகம் நடத்திய 'ஜன நாட்டிய மஞ்ச்' குழுவின் சப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் உயிர்நீத்தார். ஜனவரி 4-ஆம் நாள் அவர் துணைவியார் மலயஸ்ரீ குழுவினருடன் அதே இடத்துக்குச் சென்று, பாதியில் நின்ற நாடகத்தை நடித்து முடித்தார். அக்குழுவும் விடுதலை அரங்கும் இணைந்து 'ஹமேஷா சமீதா' என்ற நாடகத்தை உருவாக்கி, 2016-இன் தொடக்கத்தில் இந்திய நகரங்களில் நடத்தின. இந்தியும் அரபும் கலந்த அப்பெயருக்கு 'என்றும் உறுதியுடன்' என்பது பொருள். தலைவனைப் பறிகொடுத்த இரு குழுக்கள் ஒரே மேடையில் நின்றன!

2023 டிசம்பர் 13-ஆம் நாள் இராணுவம் அரங்கைச் சூறையாடி, அதன் பொறுப்பாளர்களைப் பிடித்துச் சென்றது. கலை இயக்குநர் அகமது தோபாசி விரைவில் விடுவிக்கப்பட்டார். மேலாளர் முஸ்தபா ஷேத்தா குற்றச்சாட்டோ வழக்கு விசாரணையோ இன்றி 2025 மார்ச் வரை சிறையிலிருந்தார். 2025 ஜனவரியில் தொடங்கிய படை நடவடிக்கையில் முகாம் மக்கள் பெரும்பாலும் வெளியேற்றப்பட்டனர். 1948-இல் அகதியானவர்களின் பேரப்பிள்ளைகள் மீண்டும் அகதியாயினர். அரங்கைச் சேர்ந்தோர் முகாமுக்கு வெளியே இடம் தேடித் தம் பணியைத் தொடர்ந்தனர்.

அன்பர்களே, அவர்கள் வரலாறு வேறு, நம் வரலாறு வேறு. இரண்டையும் ஒன்றென்று கூற நாம் வரவில்லை. ஆனால் அவர்களிடமிருந்து கற்க வேண்டியது உண்டு. பணம் சேர்ந்தபின் கலை என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஒரு தாய் மாடியைத் தந்தார், அது அரங்கமாயிற்று. நம் கழகக் கட்டடத்துக்கும் மாடி உண்டு. மாலை ஆறு மணிக்குமேல் அது பூட்டியே கிடக்கிறது. அதன் திறவுகோலை வாரம் ஒரு மாலை இளைஞர்களிடம் ஒப்படைக்குமாறு கழகப் பெரியோர்களைக் கேட்டுக்கொள்கிறோம். இளைஞர்களே, நீங்கள் உங்கள் பாட்டியிடம் சென்று அவர் பட்டதைக் கேட்டு எழுதுங்கள். அதை நடியுங்கள். தங்கையையும் அழைத்து வாருங்கள். பார்ப்பவர் கோபித்தாலும், உண்மையைக் குறைக்காதீர்கள்.

அன்று எம்மிடம் வந்த மாணவர்களுள் இருவர் இன்று இந்த அவையில் அமர்ந்திருக்கின்றனர். தம்பிகளே, அந்த ஏடு இன்னும் உங்களிடம் இருக்குமாயின் கொண்டுவாருங்கள். இம்முறை திருப்பி அனுப்பமாட்டோம். முதல் வரிசையில் அமர்ந்து பார்ப்போம்.