டீ நேரம்



பஞ்சாபில் லூதியானா என்று ஓர் ஊர். சைக்கிளுக்குப் பெயர் பெற்ற ஊர். பெரிய ஆலைகளைச் சுற்றி எத்தனையோ சிறு பட்டறைகள். பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த பலர் அங்கே பாடுபடுகிறார்கள்.

பட்டறைகளில் பிரஸ் மெஷின் இருக்கும். கை தகட்டை வைக்கும். கால் மிதியை அழுத்தும். அச்சு 'டக்' என்று இறங்கும். அதற்குள் கையை எடுத்துவிட வேண்டும். நாள் முழுவதும் இதே வேலை. கண் அசந்தால் விரல் போய்விடும். போன விரல் திரும்பி வருமா?

அதனால்தான் உழைப்பவருக்கு ஓய்வு வேண்டும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு கணக்குச் சொன்னது. 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. நடுவே அரை மணி ஓய்வு தர வேண்டும். காலை 8 மணிக்கு வந்தவருக்கு, பகல் 1 மணிக்குள் ஓய்வு. 2025 நவம்பரில் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்தது. அதில் ஒரு நாள் வேலை 8 மணி நேரம்தான். கூடுதல் நேரத்துக்கு இரு மடங்கு கூலி.

டீக்கென்று தனியாகப் பத்து நிமிடம் பழைய சட்டத்தில் இல்லை. பட்டறையில் பேசித்தான் வாங்க வேண்டும். சில முதலாளிகள் அந்த நேரத்துக்கும் கூலியைப் பிடிக்கிறார்கள். அவர்கள் மட்டும் உட்கார்ந்து நிதானமாகக் குடிப்பார்கள்! இது நியாயமா?

ஒருவராகப் போய்க் கேட்டால் முறைப்பார்கள். நாலு பேராகப் போங்கள். டீ வந்ததும் மெஷினை நிறுத்துங்கள். ஒரு கையில் டம்ளர், மறு கையில் தகடு என்று மட்டும் நிற்காதீர்கள்.