புல்வெளிக்கு நடுவே ஒரு நீதிமன்றம்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 50-ஆம் எண் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் ஸ்ட்ராங் சிட்டியில் தெற்கே திரும்பி, காட்டன்வுட் ஆற்றைக் கடந்தால் செங்கல் பாவிய ஒரு வீதி வரும். பெயர் பிராட்வே. நியூயார்க்கை மனத்தில் வைத்துக்கொண்டு வந்தவருக்கு ஏமாற்றந்தான். சில நிமிட நடையில் வீதி தீர்ந்துவிடும். ஆனால் அது தீருகிற இடத்தில் வெளிறிய சுண்ணாம்புக்கல் சுவர்களும் சிவப்புக் கூரையும் உச்சியில் கடிகாரக் கோபுரமுமாக நிற்கிறது சேஸ் கவுண்டி நீதிமன்றம். ஊரின் பெயர் காட்டன்வுட் ஃபால்ஸ்.

1873-இல் கட்டி முடித்தார்கள். கன்சாஸில் இன்றும் இயங்கிவரும் நீதிமன்றக் கட்டடங்களில் இதுவே மூத்தது. வரைந்தவர் ஜான் ஹாஸ்கெல். மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்திலும் அவர் கை உண்டு. பிரெஞ்சுப் பாணிக் கட்டடம் என்றாலும் கல் உள்ளூர்க் கல். உள்ளே கறுப்பு வால்நட் மரத்தில் இழைத்த படிக்கட்டு, நடுவில் தூண் இல்லாமல் சுழன்று சுழன்று மேலே ஏறுகிறது. கட்டடத்துக்குள்ளேயே பழைய சிறையும் இருக்கிறது.

நம்மூர் மாவட்டம் போன்ற இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 1870-இல் இரண்டாயிரத்தைத் தொடவில்லை. இவ்வளவு பெரிய மாளிகை எந்தத் துணிச்சலில் எழுந்தது? கூட்டம் வரும் என்ற நம்பிக்கைதான். 1900-இல் எண்ணாயிரத்தைத் தாண்டவும் செய்தது. 2020 கணக்கெடுப்பில் 2,572. இடத்தை இழந்தவர்களையும் சொல்ல வேண்டும்: மாநிலத்துக்குப் பெயர் தந்த கான்சா பழங்குடி மக்கள் பக்கத்துக் கவுன்சில் குரோவ் வட்டாரத்திலிருந்து வெளியேற்றப்பட்டதும் இதே 1873-இல்தான்.

கன்சாஸில் இப்படி 105 கவுண்டிகள். சேஸ் கவுண்டியை ஆள்வது மூன்றே கமிஷனர்கள். வரவு செலவு, சொத்து வரி விகிதம், சரளைச் சாலை, பாலம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஷெரீப், கிளார்க், பொருளாளர், பத்திரப் பதிவாளர், அரசு வழக்கறிஞர் ஆகியோரையும் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நீதி வட்டாரம் மட்டும் தனியாக இல்லை. பக்கத்து லயன் கவுண்டியோடு பங்கு.

ஆள் ஏன் குறைந்தார்கள் என்பதற்கு மண்ணைக் கிளறினால் விடை கிடைக்கும். சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் பெரும்பகுதி ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகள். மேலே மெல்லிய மண், அடியில் சிக்கிமுக்கிக் கல் பதிந்த சுண்ணாம்புப் பாறை. ஆற்றங்கரையில் உழலாம், மேட்டில் ஏர் இறங்காது. அதனால்தான் வட அமெரிக்காவின் நெடும்புல் வெளி மற்ற இடங்களில் சோள வயலாகி மறைந்தபோதும் இங்கே தப்பியது. மிஞ்சியிருப்பது நூற்றுக்கு நான்கு பங்குகூட இல்லை; அதிலும் பெரும்பகுதி இந்தக் குன்றுகளில்தான்.

நீதிமன்றம் கட்டக் கல் கொடுத்த அதே பாறைதான் உழவரை விரட்டி, மாட்டுப் பண்ணையாரை உட்கார வைத்தது.

மார்ச், ஏப்ரலில் பண்ணையார்கள் குன்றுகளுக்குத் தீ வைப்பார்கள். வைப்பதற்கு முன் அதிகாரிகளுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். இரவில் நெருப்புக்கோடு குன்றின் விளிம்பில் நெளிந்து போகும். மறுநாள் தரை கரிக்கட்டை. சில வாரங்களில் இளம்புல் தழைக்கும். பழைய சருகும் முளைத்த தேவதாருக் கன்றும் ஒழியும், புதுப்புல் மேய்ந்த காளைகளுக்குச் சதை பிடிக்கும்.

இந்தப் புல்லைத் தேசியப் பூங்காவாக்க அரசு நினைத்தபோது உள்ளூரில் கடும் எதிர்ப்பு. நிலம் வாஷிங்டன் கைக்குப் போனால் சொத்து வரி போய்விடும்; பள்ளிக்கும் சாலைக்கும் பணம் ஏது? நியாயமான பயந்தான். பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1996-இல் நெடும்புல் தேசியக் காப்பகம் பிறந்தது. ஏறத்தாழ 11,000 ஏக்கர். அதில் மத்திய அரசு சொந்தமாக வைத்துக்கொள்ள, சட்டம் அனுமதித்தது 180 ஏக்கர்.