பட்டியலில் நம் பெயர் எங்கே?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2025 நவம்பர் 4-ஆம் தேதி வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே நாளில் தொடங்கியது. அன்று முதல் வாரக்கணக்கில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கும் நம் சங்க அறையில் நாங்கள் ஒரே ஒரு வேலையைத்தான் பார்த்தோம். பெயர் தேடினோம். 2002-ஆம் ஆண்டுப் பட்டியலில் உன் பெயர் இருக்கிறதா, இல்லையென்றால் உன் தகப்பன் பெயர், தாய் பெயர் இருக்கிறதா, எந்தத் தொகுதி, எந்தப் பாகம், எத்தனையாவது வரிசை எண் என்று படிவம் கேட்டது. சொல்ல முடியாதவர்களுக்கு நோட்டீஸ் வரும். கூலியை விட்டுவிட்டு, காகிதங்களைத் தூக்கிக்கொண்டு விசாரணைக்குப் போய் நிற்க வேண்டும்.

முதல் வாரத்தில் ஓர் அம்மா வந்தார். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே சுமடு தூக்கிய குடும்பம். கணவர் காலமாகிவிட்டார். அவர் பெயர் சுடலைமுத்து என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பையன்களும் செல்போனில் தேடித் தேடி அலுத்துவிட்டார்கள். "அப்பா 2002-ல ஓட்டுப் போட்டாருங்க, நான் கூடப் போனேன், எனக்கு ஞாபகம் இருக்கு" என்று மூத்தவன் சண்டைக்கு வந்தான். பட்டியல் அவனோடு ஒத்துப்போகவில்லை.

விஷயம் என்னவென்றால், கேரளப் பட்டியல் மலையாளத்தில் இருக்கிறது. நமக்குச் சகரம் ஒன்றுதான். மலையாளத்தில் அந்த இடத்தில் மூன்று எழுத்துகள் நிற்கின்றன. பையன்கள் 'ஸ' என்று ஒலிக்கும் எழுத்தைப் போட்டுத் தேடினார்கள். 2002-இல் கணக்கெடுக்க வந்தவரோ மலையாளி. அவர் மொழியிலும் சுடுகாட்டுக்குச் சுடல என்றுதான் பெயர். ஆனால் அதை 'ச்ச' என்று அழுத்தி ஒலிக்கும் எழுத்தால் எழுதுவார்கள். ஐகாரமும் அங்கே அகரமாகிவிடும். அவர் காதுக்கும் கைக்கும் பழகிய வழியில் எழுதிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கம்ப்யூட்டருக்கு அது வேறு ஆள்.

கடைசியில் அந்தப் பெயரை நாங்கள் பெயரை வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. வீட்டின் பழைய டி.சி. நம்பர் ரேஷன் கார்டில் இருந்தது. அதைக் கொண்டு வார்டையும் வாக்குச்சாவடியையும் பிடித்து, அந்தப் பாகத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் படித்தோம். பதினோராவது பக்கத்தில் மனிதர் இருந்தார். வயது நான்கு குறைத்துப் போட்டிருந்தார்கள். அந்த அம்மா பெயரும் அடுத்த வரியிலேயே இருந்தது. பேச்சியம்மாள் என்ற பெயரில் ளகரம் போய், இனிஷியலும் போயிருந்தது.

ரயில்வே குமாஸ்தாக்களாகிய எங்களுக்கு இது புதிதல்ல. 1980-களின் நடுவில் ரிசர்வேஷன் கம்ப்யூட்டருக்கு மாறத் தொடங்கியது. அதற்கு முன் எல்லாம் கையெழுத்துச் சார்ட்தான். ஒரே வண்டியில் நாலு முருகன் ஏறுவார்கள், நாலு பேரும் ஒரே பெர்த்துக்குச் சண்டை போடுவார்கள் என்று மூத்த ஊழியர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பத்து இலக்க பி.என்.ஆர். எண் வந்த பிறகு கவுன்ட்டரில் யாரும் பெயரை வைத்துத் தேடுவதில்லை. எண் தவறாது. ஆனால் பழைய பட்டியலில் நம் தகப்பனுக்கு என்ன எண் என்று யாருக்குத் தெரியும்? பெயர் மட்டும்தான் கையில் இருக்கிறது.

இப்போது குடும்ப வரலாறு தேடுவதற்கென்று மென்பொருள்கள் வந்திருக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் சிலர் இந்தத் திருத்தத்துக்குப் பிறகு அதில் இறங்கியிருக்கிறார்கள், நல்லது. ஆனால் அதன் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கருவிகள் பலவற்றின் அடிப்படை அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்ற 'சவுண்டெக்ஸ்' என்ற முறை. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மற்ற மெய்யெழுத்துகளை எண்களாக்கும், உயிரெழுத்துகளை விட்டுவிடும். ஆங்கில எழுத்தில் முருகன் என்று எழுதினால் எம்-625. மோர்கன் என்ற வெள்ளைக்காரனுக்கும் அதே எம்-625. அவனும் நம்மவனும் ஒன்று! ஆனால் பழனியில் ழகரத்துக்கு எல் போட்டால் பி-450, இசட் எச் போட்டால் பி-250. ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவான். கந்தசாமியை கே போட்டு எழுதினால் ஒரு குறியீடு, ஜி போட்டு எழுதினால் வேறு. அவர்கள் ஊர்ப் பெயர்களுக்காகத் தைத்த சட்டை அது, நம் தோளுக்கு இறுக்குகிறது.

இன்னொன்று, குடும்பப் பெயர். எல்லாப் படிவமும் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். நமக்கு இரண்டாவது கட்டம் ஏன் காலியாக இருக்கிறது? 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டுவது என்று தீர்மானம் போட்டார்கள். அந்தக் கட்டம் காலியாக இருப்பது நம் முன்னோர் போராடிப் பெற்ற காலியிடம். அதை நிரப்புவதற்காகப் பேரப்பிள்ளைகள் மறுபடி சாதிப் பெயரைத் தேடிப் பிடித்துப் போடுவதைப் பார்த்தோம். வேண்டாம், தோழர்களே. தகப்பன் பெயரைப் போடுங்கள், தாயின் பெயரையும் குறிப்பில் எழுதுங்கள். கம்ப்யூட்டர் ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

பெண்களின் நிலைமை இதைவிடச் சிக்கல். கல்யாணத்துக்கு முன் தகப்பன் இனிஷியல், பின் கணவன் இனிஷியல். 2002-இல் அவள் பதினாறு வயதுப் பெண்ணாக நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்திருப்பாள். அவளைக் கேரளப் பட்டியலில் தேடி என்ன பயன்? தமிழ்நாட்டில் அவள் தகப்பன் பெயரைத்தான் பார்க்க வேண்டும். அங்கே 2002, 2005 என்று இரண்டு ஆண்டுப் பட்டியல்கள். கணவன் வீட்டார் "உங்க அப்பா எந்தப் பூத்து?" என்று கேட்டு அவள் விழித்து நின்ற காட்சியை எத்தனை முறை பார்த்தோம்!

இது ஏதோ ஒரு வாக்குச் சீட்டு விவகாரம் என்று நினைக்க வேண்டாம். இலங்கையில் 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம் தோட்டத் தொழிலாளரிடம் என்ன கேட்டது? உன் தகப்பன் இங்கே பிறந்தானா, இல்லை பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தார்களா, காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனுக்கு ஏது பிறப்புப் பதிவு? அடுத்த ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானது. அப்படி வந்தவர்களில் சிலர் நம் பக்கத்திலேயே புனலூர் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், ஒரு எழுத்துப் பிழைக்கு என்ன விலை என்று.

கடல் கடந்தவர்கள் கதையும் இதுதான். 1860 நவம்பர் 16-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரோடு டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை அந்த நேட்டாலுக்கு மட்டும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம் எல்லாம் எழுதினார்கள். அவர்கள் சொன்னதைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினான். கவுண்டர் அங்கே கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். இன்று அவர்கள் பேரன் பேத்திகள் அந்தக் கப்பல் பட்டியலைக் கம்ப்யூட்டரில் தேடுகிறார்கள். பெயரைக் கொண்டு தேடுகிறவன் திணறுகிறான். பாட்டனின் ஒப்பந்த எண் எழுதிய பழைய தாள் ஒன்று பெட்டியடியில் கிடைத்தவன் ஒரே நாளில் கிராமத்தின் பெயரைப் படித்துவிடுகிறான்.

ஆகவே எங்கள் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறோம். முழுப்பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். நடுவில் உள்ள உறுதியான துண்டைப் போடுங்கள். 'முத்து' போதும். சந்தேகமான எழுத்துக்குப் பதிலாக நட்சத்திரக் குறி ஏற்கும் கருவிகள் உண்டு. கிடைக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத் தேடுங்கள். தெரு கிடைத்தால் ஆளும் கிடைப்பார். ஸ்கேன் செய்த படமாக இருக்கும் பட்டியலில் சாதாரணத் தேடல் உதவாது, கண்தான் வேண்டும். வீட்டு மரம் எழுதுகிறவர்கள் ஒரே ஆளுக்கு ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று, பட்டா ஒவ்வொன்றிலும் உள்ள எல்லா எழுத்து வடிவங்களையும் எழுதுங்கள். 'கிராம்ப்ஸ்' என்ற இலவச மென்பொருளில் மாற்றுப் பெயர்களுக்கென்றே இடம் இருக்கிறது. தமிழ் எழுத்திலும் ஒரு முறை எழுதுங்கள், இனிஷியலை விரித்து எழுதுங்கள்.

அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. 1956 நவம்பர் 1 வரை உங்கள் ஊர் திருவிதாங்கூர் ஆட்சியிலும் அதன் பின் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அதனால் பாட்டன் காலத்து நிலப் பதிவுகளை நாகர்கோவிலில் மட்டும் தேடாமல், நம் நகரத்து ஆவணக் காப்பகத்திலும் விசாரியுங்கள்.

பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்கள் மனம் தளர வேண்டாம். சேர்க்க 6-ஆம் படிவம், திருத்தவும் வீடு மாறினால் மாற்றவும் 8-ஆம் படிவம். இவை எப்போதும் கொடுக்கக்கூடியவை. இங்கேயும் ஊரிலும் இரண்டு இடத்தில் பெயர் வைத்துக்கொள்ளாதீர்கள், அது குற்றம். எங்கே குடியிருக்கிறோமோ அங்கே.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் காலை பத்து மணிக்கு அறை திறந்திருக்கும். பழைய ரேஷன் கார்டு, டி.சி. நம்பர் உள்ள எந்தக் காகிதமானாலும், கிழிந்திருந்தாலும், கொண்டு வாருங்கள். மலையாளம் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேர் வந்தால் வேலை சீக்கிரம் நடக்கும்.