கடாயில் மிஞ்சின எண்ணெய்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், பலகாரம் செய்து விற்கும் குழு ஒன்றின் ஊக்குநர் பேசியது)



கடன் வாங்கினதையும் கட்டினதையும் பற்றி நிறையப் பேர் பேசிட்டாங்க. நான் எண்ணெயைப் பற்றி மட்டும் பேசுறேன். முதலில் எங்க தப்பைச் சொல்லிடுறேன்.

எங்க குழுவில் 12 பேர். முறுக்கு, சீடை, காராசேவு போடுறோம். ஒரு தீபாவளிக்கு ஆர்டர் குவிஞ்சுபோச்சு. அஞ்சு நாள் அடுப்பு அணையலை. முதல் நாள் மிஞ்சின எண்ணெயோட மறுநாள் புதுசை ஊத்தினோம். அதில் மிஞ்சினதோட அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். எண்ணெய் விலை தெரியுமே, கொட்ட மனசு வருமா?

அஞ்சாம் நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒரு முறுக்கைக் கடிச்சுட்டு, "அத்தை, தொண்டை கமறுது"ன்னு சொல்லுச்சு. அப்போதான் எனக்கு ஒண்ணு உறைச்சது. என் பேரப்பிள்ளைக்கு நான் எடுத்து வச்சது முதல் நாள் முறுக்கு. யாரும் சொல்லித்தரலை, கை தானா எடுத்து வச்சிருக்கு. என் வீட்டுப் பிள்ளைக்கு ஆகாதது ஊரார் பிள்ளைக்கு மட்டும் எப்படி ஆகும்?

எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது சூடு, காற்று, மாவிலிருந்து வரும் ஈரம், அடியில் கருகுற மாவுத்தூள் எல்லாம் சேர்ந்து அதன் குணத்தையே மாத்திடுது. நிறம் கருக்கும், பிசுபிசுக்கும், நுரை அடங்காது, சீக்கிரமே புகையும், சிக்கு வாடை அடிக்கும். அப்படிக் கெட்ட எண்ணெய் ரத்தக் குழாய்க்கும் இருதயத்துக்கும் நல்லதில்லை. அதில் புதுசை ஊத்தினா பழசு நல்லதாகாது, புதுசும் சேர்ந்து கெடும்.

இதுக்குச் சட்டமே இருக்கு. காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் சேருகிற கழிவுப் பொருள்களை 'போலார் காம்பவுண்ட்ஸ்'னு சொல்றாங்க. அது 25 சதவீதத்தைத் தாண்டினா அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2018 ஜூலை முதல் நடப்பில் இருக்கு. வனஸ்பதி மாதிரி கெட்டிக் கொழுப்பில் இருக்கும் 'டிரான்ஸ் ஃபேட்' 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாதுன்னு 2022 ஜனவரியிலிருந்து விதி. அதிகாரி வருவாரோன்னு பயப்படச் சொல்லலை. இந்த விதியெல்லாம் நம்ம பிள்ளைகளுக்காகத்தான்.

"நாங்க செக்கு எண்ணெய்தான் வாங்குறோம்"னு சில அக்கா சொல்லுவாங்க. நல்லதுதான். ஆனா செக்கு எண்ணெயும் காயக் காயக் கெடும். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லை'ன்னு போட்டிருந்தா அதிலும் அதிசயம் இல்லை. செடி, கொடி, மரத்திலிருந்து வர்ற எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. அளவுதான் முக்கியம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாசம் மூணு லிட்டர் தாராளம். பிஸ்கட், மிக்சர் வழியா உள்ளே போற எண்ணெயும் இந்தக் கணக்கில் சேரணும்.

வீட்டில் அப்பளம், வடை சுட்டு மிஞ்சினா, ஆறவச்சு வடிகட்டி, ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ளே தாளிக்கத் தீர்த்துடுங்க. மறுபடி பொரிக்க வைக்காதீங்க.

இப்ப எங்க குழுவில் என்ன பண்றோம்னா, அன்னிக்குச் சுடுற மாவுக்கு அளவாத்தான் எண்ணெய் எடுக்குறோம். கடைசி ஈட்டைச் சின்னக் கடாய்க்கு மாத்திடுறோம். உதிர்ற தூளை அப்பப்போ அரிச்சு எடுக்குறோம். பத்துக் கிலோ முறுக்குக்கு அரை லிட்டர்தான் மிஞ்சுது. அதை ஈடுகட்ட கிலோவுக்கு 10 ரூபாய் கூட்டினோம். ரெண்டு கடைக்காரர் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஒருத்தர் திரும்பி வந்தார். இன்னொருத்தர் வரவே இல்லை. அந்த நஷ்டம் இருக்கத்தான் செய்யுது, மறைக்க மாட்டேன்.

அதனாலதான் கூட்டமைப்புக்கிட்ட ஒண்ணு கேக்குறேன். பழைய எண்ணெயை வாங்கி பயோடீசல் தயாரிக்கிறவங்க இருக்காங்க. எங்க ஒரு குழுவோட அரை லிட்டருக்காக யாரும் வண்டி அனுப்ப மாட்டாங்க. பலகாரம் போடுற எல்லாக் குழுவும் ஒரே கேனில் சேர்த்தா வருவாங்க. சாக்கடையும் அடைக்காது, போட்ட காசில் கொஞ்சமாவது திரும்பும். எல்லாக் குழுவும் ஒரே மாதிரி விலை வச்சா, நல்ல எண்ணெயில் சுடுறவங்க மட்டும் ஆர்டரை இழக்க வேண்டியதில்லை. அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏத்தணும்னு கேட்டுக்கிறேன்.

இப்பல்லாம் எந்த நாள் சுட்ட முறுக்கையும் என் பேரனுக்கு யோசிக்காம எடுத்துக் குடுக்குறேன். கடைக்குப் போறதும் அதே முறுக்குதான்.