ஒரே பால், வேறு வேறு வழிகள்
எந்தத் தொழிலை மதிப்பது, எதை நம்புவது?

(அம்பூரியில் தமிழ் பேசும் தோழர்களுக்காக நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

இன்றைய வகுப்பிற்கு எனக்குத் தரப்பட்ட பொருள், "மக்களின் மதிப்பிற்கும் நம்பிக்கைக்கும் உரிய தொழில்கள் எவை, ஏன்?" என்பதாகும். முதலாளித்துவ ஏடுகள் ஆண்டுதோறும் இவ்வினாவிற்கு விடையாகப் பட்டியல்கள் வெளியிடுகின்றன. பங்குச் சந்தை மதிப்பும், நிறுவனத் தலைவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் தரும் நற்சான்றுமே பெரும்பாலும் அவற்றின் அளவுகோல்கள். அதற்காக எவரும் பால்வெட்டும் தொழிலாளியிடம் படிவம் நீட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆகவே நம் பட்டியலை இந்த மலையடிவாரத்திலிருந்து தொடங்குவோம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. மொழிபெயர்ப்பே என் அன்றாட வேலை என்பதால் இதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. வடமொழியிலிருந்து வந்த ஒரே சொல், தமிழில் 'விவசாயம்' ஆகி உழவைக் குறிக்கிறது. மலையாளத்தில் 'வியவசாயம்' என நின்று ஆலைத் தொழிலைக் குறிக்கிறது. எல்லையோரத்தில் வாழும் உங்களுக்கு இக்குழப்பம் புதிதன்று. ஆனால் ரப்பரைப் பொறுத்தவரை இது வேடிக்கையோடு முடிவதில்லை. உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்தில் இயற்கை ரப்பர் விவசாயப் பொருளாகச் சேர்க்கப்படவில்லை. தொழில்துறை மூலப்பொருளாகவே வைக்கப்பட்டது. அதனால் உலர் ரப்பர் இறக்குமதிக்கு 25 விழுக்காட்டிற்கு மேல் தீர்வை விதிக்க இந்தியாவிற்கு இடமில்லை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரத்திற்கு மரம் நடப்பவர் விவசாயி. அவருடைய சிரட்டையில் வடிந்த பால் டில்லியின் கணக்கில் ஆலைச் சரக்கு. இந்த வகைப்பாட்டை மாற்ற வேண்டும் என்று கேரளம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது.

அந்தப் பால் செல்லும் வழிகளைப் பின்தொடர்ந்தால் இன்றைய வினாவிற்கு விடை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

பெரும்பகுதி, ஷீட்டாகவும் ஒட்டுப்பாலாகவும், டயர் ஆலைகளுக்குப் போகிறது. டயர் இல்லாமல் பேருந்து இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை. பயன்பாட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் டயர்த் தொழிலை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அத்தொழில் எவருடைய கையில், எவ்விதம் நடக்கிறது? 2011இல் கிலோ 230 ரூபாயைத் தாண்டிய ரப்பர் விலை, 2016 தொடக்கத்தில் நூறு ரூபாய்க்குக் கீழே இறங்கியது. மரங்களை வெட்டாமல் விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போனவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள். அதே காலத்தை ஒட்டி நடந்த மற்றொரு செய்தி: ஐந்து பெரிய டயர் நிறுவனங்கள் தம் சங்கத்தின் வாயிலாகத் தகவல் பரிமாறிக்கொண்டு, 2011-12 காலத்தில் லாரி, பஸ் டயர்களின் விலையைக் கூடிப் பேசி உயர்த்தின என்று இந்தியப் போட்டி ஆணையம் முடிவு கண்டது. அபராதம் மொத்தம் 1,788 கோடி ரூபாய். அந்த உத்தரவு பிறந்தது 2018 ஆகஸ்டில். நாட்டிற்குத் தெரியவந்தது 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட மூன்றரை ஆண்டுகள் அது நீதிமன்ற வழக்கின் காரணமாக உறைக்குள் கிடந்தது. 2022 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவ்வழக்கை மறுபரிசீலனைக்காக ஆணையத்திற்கே திருப்பி அனுப்பியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வழக்கின் முடிவு எதுவாயினும், விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் தெரியாத இடத்தில் விலை நிர்ணயமாகும் ஒரு தொழிலை மக்கள் எப்படி நம்புவர்?

விலைச் சரிவைத் தாங்கக் கேரளத்தில் 2015இல் கிலோவிற்கு 150 ரூபாய் ஆதார விலைத் திட்டம் வந்தது. அதைத் தொடங்கியது ஐக்கிய ஜனநாயக முன்னணி ஆட்சி, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் அது 170, 180 என உயர்ந்தது. மக்கள் பணத்திலிருந்து தரப்படும் அந்த இடைவெளித் தொகை, உண்மையில் ஆலை முதலாளி கொடுக்க மறுத்த விலையின் ஒரு பகுதி. நாம் வரியாகக் கட்டி அவருடைய மூலப்பொருளை மலிவாக்கித் தருகிறோம்.

இனி இரண்டாம் வழி. இந்தப் பாலில் ஒரு பங்கு, மையவிலக்கு இயந்திரத்தில் அடர்த்தியாக்கப்பட்டு மருத்துவப் பொருள் ஆலைகளுக்குச் செல்கிறது. நம் மாவட்டத்திலேயே, பேரூர்க்கடையில், அத்தகைய ஆலை ஒன்று உண்டு. 1966இல் இந்துஸ்தான் லேடக்ஸ் என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 1969 ஏப்ரலில் ஜப்பானிய ஒகமோட்டோ நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு உற்பத்தியைத் தொடங்கியது. இன்று அதன் பெயர் எச்.எல்.எல். லைஃப்கேர். 'நிரோத்' ஆணுறை அங்கிருந்துதான் நாடு முழுவதும் சென்றது. கூட்டத்தில் இச்சொல்லைச் சொல்ல இன்றும் சிலர் கூசுவார்கள், நான் கூசவில்லை. தேவையற்ற கர்ப்பத்திலிருந்தும், பிறகு எய்ட்ஸ் நோயிலிருந்தும் எத்தனையோ ஏழைக் குடும்பங்களைக் காத்த பொருள் அது. ஒவ்வொன்றும் மின்சோதனைக்கு உட்பட்ட பின்பே உறையில் அடைக்கப்படுகிறது. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பது என்பதற்காக அதன் தரத்தில் சலுகை கிடையாது. பின்னாளில் அந்நிறுவனம் இரத்தப் பைகளையும் செய்யத் தொடங்கியது; புற்றுநோய், இதய நோய் மருந்துகளைக் குறைந்த விலையில் தரும் 'அம்ரித்' மருந்தகங்களையும் நடத்துகிறது.

ஒரே மரத்தின் பால்தான் தோழர்களே. ஒரு வழியில் விலை இரகசியமாகிறது. மற்றொரு வழியில் காசில்லாதவர் கைக்கும் பொருள் போய்ச் சேர்கிறது.

அப்படிப்பட்ட ஆலையை முழுமையாக விற்பதற்கு 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு விருப்ப அழைப்பு விடுத்தது. நட்டத்தில் இருந்ததாலா? இல்லை, அது இலாபம் ஈட்டி வந்த நிறுவனம். மாநில அரசு தன்னிடம் ஒப்படைக்குமாறு கேட்டது. இல்லையேல் ஏலத்திலாவது பங்கேற்க விடுமாறு கேட்டது. அரசுகளின் பங்கு 51 விழுக்காட்டிற்கு மேல் உள்ள நிறுவனங்கள் பங்கேற்க இயலாது என்பதே டில்லியின் பதில். எவர் வேண்டுமானாலும் வாங்கலாம், மக்கள் மட்டும் வாங்கக் கூடாது! கோட்டயம் வெள்ளூரில் ஒன்றிய அரசு கைகழுவிய செய்தித்தாள் காகித ஆலையைக் கேரளம் திவால் தீர்ப்பாய நடைமுறையின் வழியாக ஏற்று, 2022 மே மாதம் மீண்டும் இயக்கிக் காட்டியது. பேரூர்க்கடைக்கு அந்த வாயிலும் அடைக்கப்பட்டது.

இவ்வளவையும் கேட்டு, பொதுத்துறை என்று பலகை மாட்டினால் போதும், நம்பிக்கை தானே வந்துவிடும் என்று எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மறுசான்று மலைக்கு அப்புறமே இருக்கிறது. கீரிப்பாறை, மணலோடை, சிற்றாறு, கோதையாறு ஆகிய இடங்களில் பரந்திருக்கும் அரசு ரப்பர் கழகம் 1984இல் தமிழ்நாடு அரசால் அமைக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பெயர்த்தெறியப்பட்ட தமிழர்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. தலைமுறைகளாகப் பிறர் மலையில் உழைத்துவிட்டு, நாடற்றவராக நின்ற மக்களுக்கு ஓர் அரசுத் தோட்டம் வாழ்விடம் ஆயிற்று. ஒரு தொழிலை நாம் மதிப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. ஆனால் அதே தொழிலாளர்கள் கூலி உயர்வுக்காக மீண்டும் மீண்டும் வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்தது. பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொண்டதைப் பெறுவதற்கே போராட வேண்டிய நிலையில், உடைமை அரசினுடையது என்பது தொழிலாளிக்கு எவ்வளவு ஆறுதல் தரும்? தொழிலாளியின் குரல் நிர்வாக மேசையை எட்டாத பொதுத்துறை, மெல்ல மெல்லத் தன் பாதுகாவலர்களையே இழக்கிறது. விற்பனைக்கு வரும் நாளில் அதற்காகத் தெருவில் நிற்க ஆள் இருக்காது.

தொழிலாளியே உடைமையாளரானால் என்ன நிகழும் என்பதற்கு வடகரையில் உள்ள ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் சான்று. 1925இல் வாக்படானந்தரின் வழிநின்ற பதினான்கு பேர், சில அணாக்களை முதலாகக் கொண்டு தொடங்கினர். சாதிக் கொடுமையை எதிர்த்ததற்காகவே வேலை மறுக்கப்பட்டவர்கள் அவர்கள். இன்று பாலங்களும் நெடுஞ்சாலைகளும் கட்டும் அச்சங்கத்தை நடத்துவது தொழிலாளர்கள் தமக்குள் தேர்ந்தெடுக்கும் இயக்குநர் குழு. 1864இல் அகிலத்தின் தொடக்க உரையில் மார்க்ஸ், முதலாளி இல்லாமலே பெரிய அளவில் உற்பத்தி நடத்த முடியும் என்று கூட்டுறவு ஆலைகள் செயலில் மெய்ப்பித்ததைப் பாராட்டினார். சிறு வட்டத்திற்குள் நின்றால் அவை மக்களை விடுவிக்கமாட்டா என்று அதே உரையில் எச்சரிக்கவும் செய்தார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

2022 மே மாதம் சாலியாற்றின் குறுக்கே கூளிமாட்டில் அச்சங்கம் கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் உத்திரங்கள் சரிந்தன. எதிர்க்கட்சிகள் ஏளனம் செய்தன; செய்யட்டும். பொதுப்பணித் துறையின் கண்காணிப்புப் பிரிவு ஆய்வு செய்தது, குறை எங்கே நேர்ந்தது என்பது வெளியே வந்தது, வேலை தொடர்ந்தது. நம்பிக்கைக்கு உரிய நிறுவனம் என்பதால் அதற்கு ஆய்விலிருந்து விலக்கு தரலாகாது. 'நம்முடைய சங்கம்' என்று தோழர்கள் சிலர் அப்போது அந்த ஆய்வையே சதி என்றனர். அது அச்சங்கத்திற்குச் செய்த உதவி ஆகாது.

இந்த ஊரில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2001 நவம்பர் 9 அன்று இந்த மலைச்சரிவு இடிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரை மண்ணுள் கொண்டுபோனது. அதை நினைவில் வைத்திருப்போரிடம், பாறை உடைப்பதோ மலை குடைவதோ ஆன எந்தத் திட்டமும் வேலைவாய்ப்புக் கணக்கை மட்டும் காட்டி நம்பிக்கை கேட்க முடியாது. சரிவின் கீழே குடியிருப்போருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

கடைசியாக நம் கையருகே உள்ள ஒரு வேலை. பாலை விற்கும்போது விலை பாலின் எடைக்குத் தரப்படுவதில்லை. அதிலுள்ள உலர் ரப்பரின் விகிதத்திற்கு, அதாவது டி.ஆர்.சி.க்குத் தரப்படுகிறது. அதை அளப்பவர் வாங்குபவர். மிதவைக் கருவி காட்டும் அளவிற்கும், மாதிரியை உறையவைத்து உலர்த்தி எடை பார்க்கும் சோதனைக்கும் வேறுபாடு வரக்கூடும்; விகிதத்தில் ஒன்றிரண்டு குறைந்தால் மாதக் கடைசியில் அது ஒரு நாள் கூலிக்கு மேலாகிறது. உங்களில் பலர் ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களில் உறுப்பினர்கள். அடுத்த பொதுக்கூட்டத்தில் சோதனைப் பதிவேட்டை மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். செயலாளர் நம் தோழராகவே இருந்தாலும் கேளுங்கள். வெட்டுத் தொழிலாளர்களையும் அக்கூட்டத்திற்கு அழைக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கிளைகள் இம்மாதமே எடுத்துச் செல்லலாம். கேள்விகள் இருந்தால் தேநீருக்குப் பின் எடுத்துக்கொள்வோம்.